தேதி பின்னால் போன கம்ப்யூட்டர்

காலையில் கதவைத் திறந்ததும் சுண்ணாம்பு நெடி முகத்தில் அடிக்கும். எத்தனை முறை ஈரத்துணியால் துடைத்தாலும் மேசைமேல் வெள்ளையாகப் படிந்துவிடும்… அரியலூரில் கல் லாரிகளுக்கு லோடு சீட்டு போடும் ஆபீஸ் அது. நான் அங்கே கூட்டித் துடைத்து, டீ வாங்கி வைப்பவள். சாவி என்னிடம்தான் இருக்கும்.

என் மகள் சுமதிக்கும் அங்கேயே கம்ப்யூட்டரில் சீட்டு போடும் வேலை கிடைத்தது. பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டு வந்தவள். நான் நாலாவதோடு நின்றவள். நான் துடைக்கும் மேசைக்கு முன்னால் என் மகள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்… அதை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

சீட்டு போடும் புரோகிராம் அந்தக் கம்ப்யூட்டரில் கிடையாது. சென்னை ஹெட் ஆபீசில் இருந்தது. இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து அதில் ஒரு வரியை அமுக்கினால், அங்கிருந்து இறங்கி வந்து இங்கே தனி ஜன்னலாகத் திறக்கும்.

அந்த வாரம் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்துபோனது. மேனேஜருக்கு பயம் பிடித்துக்கொண்டது.

"சாயங்காலம் பூட்டுறப்ப கரண்டு மெயின் சுவிட்சை எறக்கிட்டுப் போ. மறந்தேன்னா வேலைக்கே வராத."

நான் மறக்கவில்லை. அன்றைக்கே இறக்கினேன்.

மறுநாள் காலை புரோகிராம் திறக்கவில்லை.

அப்போதெல்லாம் போனும் இன்டர்நெட்டும் ஒரே லைன். நெட்டைத் துண்டித்தால்தான் சென்னைக்குப் பேசலாம். பேசும்போது அமுக்கிப் பார்க்க முடியாது. சுமதி அமுக்குவாள், துண்டிப்பாள், பேசுவாள், மறுபடி அமுக்குவாள்…

"பக்கம் வருது சார். அமுக்குனா சின்னதா ஒரு பொட்டி வருது, சுத்துது, காணாமப் போயிடுது சார்."

பழையதை அழித்துவிட்டு மறுபடி இறக்கு என்றார்கள். அது இறங்கவே பாதி நாள் போனது. அப்போதும் திறக்கவில்லை. வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏம் பாப்பா, பொட்டிக்கு காய்ச்சலா? கசாயம் வச்சுக் குடு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு கையால் சீட்டு எழுதினாள்.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ஒரு என்ஜினியர் ரயிலில் வந்து இறங்கினார். திரையின் ஓரத்தில் எதையோ அமுக்கினார், உடனே கண்டுபிடித்துவிட்டார். கம்ப்யூட்டரில் தேதி பல வருஷம் பின்னால் இருந்ததாம்.

"இந்த புரோகிராம் இன்னும் பொறக்கவே இல்லன்னு மெஷின் நினைக்குது. அதான் திறக்க மாட்டேங்குது. யாரோ தேதியை மாத்தி வச்சிருக்காங்க."

தேதியைச் சரி செய்ததும் திறந்துகொண்டது. அவர் மத்தியான ரயிலுக்குப் போய்விட்டார். சாயங்காலம் நான் மெயினை இறக்கிப் பூட்டினேன்.

மறுநாள் காலை தேதி மறுபடியும் பின்னால் போயிருந்தது.

மேனேஜர் என்னையும் அவளையும் சேர்த்து நிறுத்தினார். "சாவி உங்கிட்ட. மெஷின் உம் மவகிட்ட. நடுவுல பேயா வந்து தேதியை மாத்திச்சு?" அவளைப் பார்த்து, "எந்த லாரிக்காரனுக்கு பழைய தேதியில சீட்டு போட்டுக் குடுக்குற?" என்றார்.

"சத்தியமா நான் தொடல சார்."

"நீ தொடலன்னா உங்கம்மா தொட்டாளா? எழுந்திரு."

லாரிக்காரர்கள் பார்க்க, அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நான் போகவில்லை… வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் மிச்சம். அவள் எழுந்துபோன நாற்காலியை நானே துடைத்தேன். ஒரு வாரத்தில் வேறு பெண் வந்து அதில் உட்கார்ந்தாள். அவளுக்கும் தினமும் காலையில் தேதி பின்னால் போனது. அவளை யாரும் திருடி என்று சொல்லவில்லை. திருச்சியிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.

அவர் பெட்டியைக் கழற்றி, ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு பேட்டரியை எடுத்துக் காட்டினார். "இது செத்துப்போச்சு சார். மெயின் போட்டே இருந்தா தெரியாது. மெயினை எறக்குனா தேதி மறந்துடும். தெனம் யாரு சார் மெயினை எறக்குறது?"

டீ தம்ளர்களோடு நான் நின்றுகொண்டிருந்தேன். மேனேஜர் என்னைப் பார்த்தார். தான் சொல்லித்தான் நான் இறக்கினேன் என்று அவர் வாய் திறக்கவில்லை.

"சார்… அப்ப எம் பொண்ணு?"

"அது முடிஞ்சுபோன கதைம்மா. டீயை வை."

வைத்தேன். சாவியையும் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

சுமதி பிறகு திருப்பூருக்குப் போனாள். பனியன் கம்பெனி, கல்யாணம், பிள்ளைகள்… கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பிள்ளைகள் ஏதாவது கேட்டால், "நான் தொட்டா கெட்டுப்போயிடும்டா" என்று சிரிப்பாள்.

இப்போது காலம் வேறு. ஒன்று திறக்கவில்லை என்றால் திரையைப் படம் பிடித்து குரூப்பில் போடுகிறார்கள், ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் வழி சொல்கிறார்கள். போன் தானாகவே தேதியை வாங்கிக்கொள்கிறது. அன்றைக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால்…

போன தை மாதம் சுமதியின் கடைசி மகள் காதுகுத்துக்கு அந்த மேனேஜர் வந்தார், சம்பந்தி வகையில் உறவாம். தலை நரைத்து, கைத்தடியோடு. நான் வாங்க என்று சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சுமதிதான் ஓடிப்போய், "வாங்க சார், சாப்பிட்டுத்தான் போகணும்" என்று இலை போட்டாள். அவர் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகு சுமதி என்னைக் கடிந்துகொண்டாள். "வீடு தேடி வந்தவரை வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா? அன்னைக்கு நான்தான் எதையோ தப்பா அமுக்கியிருப்பேன். அவரைச் சொல்லி என்ன?"

அப்போதும் அந்தப் பேட்டரி விஷயத்தை நான் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் சொல்லவில்லை. மெயினை இறக்கியது என் கை… அது தெரிந்தால் என்னை என்ன நினைப்பாளோ என்று அவரைத் திட்டியே காலம் கடத்திவிட்டேன்.

இதை நான் போனில் எழுதிப் போடும் இந்தப் பக்கத்தை அவளும் பார்ப்பாள். பார்க்கட்டும்.

சுமதி, நீ எதையும் தப்பாக அமுக்கவில்லை.