பின்னாடி லைட்டு எரியுதா?

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனுக்குப் பாதி வேலை மேசைக்கு அடியில், மீதி வேலை போனில். "நெட் வரலை" என்ற இரண்டு சொல்லுக்காக மேசைக்கு அடியில் நுழைந்து, நிமிரும்போது தலையை இடித்துக்கொண்ட அன்பர்களே, இது நம் கதைதான். கொடைக்கானலில் கடை வைத்திருந்த வருடங்களில் எத்தனையோ வீடு ஏறியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு போய் நிற்பது கூக்கால் மலைக்கிராமத்தில், பூண்டு விவசாயி முருகேசன் அண்ணன் வீட்டில்தான்.

ஏரிக்கரை போன்

அவர் வீட்டில் செல்போன் சிக்னல் கிடையாது. ஏரிக்கரை மேட்டுக்கு ஏறினால் பேசுகிற அளவுக்கு மட்டும் கிடைக்கும். அன்று வெள்ளனே அங்கிருந்து கூப்பிட்டார். மகள் கௌசல்யாவுக்கு கவுன்சலிங். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் பதிந்தாக வேண்டும். நெட் செத்துக் கிடக்கிறது.

தொழில் பழக்கத்தில் முதல் கேள்வியைக் கேட்டேன்: "பின்னாடி லைட்டு எரியுதாண்ணே?" கம்ப்யூட்டரின் முதுகில், நெட் வயர் செருகும் இடத்தில், பொடியாக ஒரு பச்சை விளக்கு இருக்குமே, அதைத்தான் கேட்டேன். மனுஷன் மேட்டிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போய்ப் பார்த்து, மூச்சிரைக்க மறுபடி ஏறி வந்து சொன்னார்: "நல்லா எரியுது தம்பி. மாட்டுத் தொழுவம் வரைக்கும் வெளிச்சம் அடிக்குது."

பிடுங்காத வயர்

சரி, இது ஆகாது என்று நானே பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு இருட்டு. வயரை மாற்றினேன். சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். சாஃப்ட்வேர் கோளாறுதான் என்று மதியம் வரை வீம்பு பிடித்தேன். கௌசல்யா என் முகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம்தான் இடி ஏதும் விழுந்ததா என்று கேட்கத் தோன்றியது. முந்தாநாள் சரியான இடியாம். அண்ணன் மனைவி பாண்டியம்மா அக்கா பெருமையாகச் சொன்னார்: "கரண்டு பிளக்கை அப்பவே பிடுங்கிட்டேங்க. நெட்டு வயர்ல என்ன கரண்டா வரப்போகுதுன்னு அதை மட்டும் விட்டுட்டேன்."

போன கார்டு

"அப்ப அந்த வயர் வழியாத்தான் இடி எறங்கி, உள்ள இருக்க நெட் கார்டு போயிருச்சுக்கா" என்றேன். அவ்வளவுதான், பீரோவிலிருந்த துணியெல்லாம் கட்டிலுக்கு வந்துவிட்டது. ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, ஓட்டர் கார்டு என்று ஒவ்வொன்றாக என் முன்னால் பரப்பினார். "எல்லாம் பத்திரமாத்தான கெடக்கு. எதுங்க போச்சு?"

கண்டக்டர் பை

போனது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் போர்டோடு கூடப் பிறந்தது, தனியாகக் கழற்ற முடியாது, வெளியிலிருந்து ஒன்று வாங்கிச் செருகலாம் என்று விளக்கினேன். அதை நான் எடுத்து வரவில்லை. கொடைக்கானல் போகும் மதிய பஸ்ஸும் போய்விட்டது. அந்தப் பெண்ணைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஏரிக்கரைக்கு ஓடி, கடையிலிருந்த என் மனைவியைக் கூப்பிட்டு, அதை அடுத்த பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொன்னேன்.

வீடே ரோட்டில் வந்து காத்து நிற்க, மூடுபனியில் ஊர்ந்து பஸ் வரும்போது நாலரை. கண்டக்டர் பையைத் துழாவி விரல் நீளப் பொட்டலத்தை நீட்டினார். "இத்துனூண்டு சாமானுக்கா இத்தனை பேரு ரோட்டுல நிக்கிறீக?"

வெளியிலிருந்து வந்தது

செருகினேன். பச்சை விளக்கு மினுக்கென்றது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கௌசல்யா கல்லூரிகளை வரிசையாகப் பதிந்து முடித்தபோது ஐந்துக்கு நாலு நிமிடம் இருந்தது. "கூடப் பொறந்தது கைவிட்டுருச்சு, வெளியிலருந்து வந்தது காப்பாத்திருச்சு பாத்தீங்களா" என்று அண்ணன் அதிசயப்பட்டார். காபித் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அக்கா அவர் பக்கம் திரும்பினார்: "நானும் இந்த வீட்டுக்கு வெளியிலருந்து வந்தவதான. அன்னையிலருந்து எந்த லைட்டு எரியாமக் கெடக்கு?"

இப்போது எல்லார் வீட்டிலும் வைஃபை வந்து வயரும் போய், பின்னாடி லைட்டும் போய், மேசைக்கு அடியில் எனக்கிருந்த வேலையும் போய்விட்டது, தலையில் இடிபட்ட வீக்கம் மட்டும் நினைவாக இருக்கிறது.