லொறியில் வந்த றேஸ் குதிரை

குதிரை அந்தக் கொழும்புப் பெண்ணைத் தூக்கி எறிந்தபோது ராக்கம்மா கொடியில் படுக்கை விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். அலறல் கேட்டுத் திரும்பினாள். மணலில் அந்தப் பெண் தோளைப் பிடித்தபடி கிடந்தாள். சிவப்புக் குதிரை கடிவாளம் தொங்க, உடம்பெல்லாம் வெடவெடக்க, பனையோடு ஒட்டி நின்றது.

தாராபுரத்துக்கும் மன்னார் ரவுணுக்கும் நடுவில் அலெக்ஸாண்டர் நடத்துகிற விருந்தினர் விடுதி அது. மாரி காலத்தில் பூநாரை பார்க்க ஆட்கள் வருவார்கள். அவர்களைக் கடற்கரையில் சவாரி ஏற்றலாம் என்றுதான், போன தைப்பொங்கலுக்கு முந்தின வாரம், நுவரெலியாவிலிருந்து இந்தக் குதிரையை லொறியில் இறக்கினான். ஒரு பழைய லான்ட்மாஸ்டர் உழவு மெஷினைக் கொடுத்து மாற்றாக வாங்கியது. கூடவே ஒரு பிளாஸ்டிக் உறையில் கடதாசிகளும் வந்தன. பெயர் றோயல் மிஸ்ட். தாய், தகப்பன், பாட்டன், பூட்டன் எல்லாம் அதில் இருந்தது. நான்கு பந்தயங்களில் முதலாவதாக வந்தது என்றும் இருந்தது.

அம்புலன்ஸ் போனதும் அலெக்ஸாண்டர் கத்தினான்.

“விசர்க் குதிரை! எல்லாரும் அப்பவே சொன்னவை. றேஸுக்கு ஓட்டுறதுக்கு ஊசி ஏத்தி ஏத்தி மூளையைக் கெடுத்துப்போட்டுத்தான் விக்கிறவங்களாம். நாளைக்கே ஆரையும் பிடிச்சு இதைச் சுடுவிக்கிறன்.”

ராக்கம்மா கையிலிருந்த விரிப்பைக் கூடையில் போட்டாள். “பொறுங்க தம்பி. ஒருக்கா நான் பாக்குறேன்.”

“அக்கா, கிட்டப் போகாதேங்கோ!”

அவள் போனாள். நேராகப் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பக்கவாட்டில், மெல்லப் பேசியபடி போனாள். குதிரை காதைப் பின்னால் மடித்தது, பிறகு விட்டது. ஒன்பது வருடமாகத் தன் விடுதியில் துணி துவைக்கிற பெண்ணுக்குக் குதிரை தெரியும் என்று அலெக்ஸாண்டருக்குத் தெரியாது.

ஊரிலும் பெரிதாக யாருக்கும் தெரியாது. ராக்கம்மா நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். பதினாறு வயதில் கொழுந்துக்குப் போகாமல் றேஸ்கோர்ஸ் குதிரை லாயத்துக்குப் புல்லு வெட்டப் போனாள். பிறகு சாணி அள்ளினாள், கடைசியில் குதிரை தேய்க்கவும் விட்டார்கள். பன்னிரண்டு வருடம். யுத்தம் முடிந்த அடுத்த வருடம், அங்கே கட்டட வேலைக்கு வந்திருந்த வங்காலைக் கிராமத்து அந்தோனியைக் கட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தாள். வந்த புதிதில் அந்தோனியின் மாமி புஸ்பம் கேட்டா, “அங்க என்ன வேலை செய்தனீர்?” என்று. சொன்னாள். புஸ்பம் சிலுவை போட்டுக்கொண்டா. “குதிரைப் பந்தயமோ? சூதாடுற இடத்திலயோ நிண்டனீர்? இதை வெளியில சொல்லிப்போடாதையும் பிள்ளை.” அதோடு ராக்கம்மா அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

இப்போது அவள் குதிரையின் வாயைத் திறந்தாள்.

“ஐயோ சாமி! தம்பி, இங்க வாங்க. வாய்ல என்னா போட்டு வச்சிருக்கீங்க?”

உடைந்த கடிவாளத்தின் வாய்க்கம்பியை யாரோ வேலிக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்பியின் துருப்பிடித்த முனை நாக்குக்குள் இறங்கியிருந்தது. நாக்கின் ஒரு பக்கம் பிளந்து சீழ் கட்டியிருந்தது. அந்தப் பெண் கயிற்றை இழுத்த ஒவ்வொரு முறையும் அது அறுத்திருக்கிறது.

“ஆரு கட்டினது?”

அலெக்ஸாண்டர் குனிந்து பார்த்தான். “நான்தான் கட்டினனான் அக்கா. புதுசு வரக் கனநாள் எடுக்கும் எண்டு...” அவன் அப்படியே மணலில் குந்திவிட்டான்.

அன்று பின்னேரம் வங்காலை பஸ்ஸில் இருந்துகொண்டு அவள் நடராசாவுக்குப் போன் எடுத்தாள். லாயத்தில் அவளுக்கு வேலை பழக்கியவர், இப்போது கிழவர். பன்னிரண்டு வருடமும் ஓட்டம் குறைந்த குதிரைகள் லொறியில் ஏறிப் போவதை அவள் பார்த்திருக்கிறாள். எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

“அண்ணே, அந்த லொறியெல்லாம் எங்க போச்சு?”

“சிலது சவாரி பழக்குற எடத்துக்குப் போகும். சிலது கலியாண ஊர்வலத்துக்கு.”

“மத்தது?”

அவர் இருமினார். நெடுநேரம் இருமினார். “இத்தன வருசம் கழிச்சு ஏன் புள்ள கேக்குற? விடு.”

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். தன் கையால் தேய்த்து, நெற்றியைத் தடவி, வாலைச் சீவி அந்த லொறிகளில் ஏற்றிவிட்ட குதிரைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. வங்காலையில் இறங்காமல் அடுத்த தரிப்பிடம் வரை போய்விட்டாள்.

மறுநாள் கால்நடை வைத்தியர் துஷ்யந்தி வந்தா. வாய்க்கு மருந்து போட்டுவிட்டு வயிற்றைத் தடவினா. திரும்பத் தடவினா. கையுறையை மாற்றிக்கொண்டு உள்ளே பரிசோதித்தா.

“அலெக்ஸாண்டர், இதுக்கு வயித்தில குட்டி இருக்கு.”

“என்ன?”

“வடிவாத் தெரியுது. எத்தனை மாசம் எண்டு மட்டும் என்னைக் கேக்காதேங்கோ. மாடும் ஆடும்தான் எனக்குப் பழக்கம்.”

வயிற்றுப் பிள்ளைக்காரி மேலா இத்தனை பேரை ஏற்றியது என்று ராக்கம்மா நெஞ்சில் கை வைத்தாள். அலெக்ஸாண்டருக்கோ முகம் மலர்ந்தது. “அப்ப வரேக்கயே குட்டியோடதான் வந்திருக்கு! நுவரெலியா றேஸ் குதிரையின்ர குட்டி!”

ஒரு கிழமைக்குள் எல்லாம் தலைகீழாயிற்று. பேஸ்புக்கில் படம் போட்டான். குதிரைக்குக் கிடுகுக் கொட்டில் எழும்பியது, மின்விசிறி வந்தது. விசர்க் குதிரை என்றவர்கள் கரட் கொண்டுவந்து நீட்டினார்கள். கொழும்பிலிருந்து ஒருவர் தாயையும் குட்டியையும் சேர்த்து எடுப்பதாகப் போனில் பேசினார்.

ராக்கம்மா விரலில் எண்ணிப் பார்த்தாள். “தம்பி, குதிரை சுமக்கிறது பதினொரு மாசம். இது வந்தே பதினொரு மாசம். வயித்தைப் பாத்தா இன்னும் மூணு மாசம் கிடக்கு.”

“நல்ல சாதிக் குதிரை அக்கா. ஆறுதலா, பிந்தித்தான் போடும்.”

தை போனது, மாசி போனது. பங்குனி நடுவில் ஒரு நாள் முலைக்காம்பில் மெழுகுபோல் பால் கசிந்திருந்தது. அடுத்த நாள் வெளிச்சம் வரும்போதே அந்தோனி அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். குதிரை படுத்திருந்தது. அலெக்ஸாண்டர் கையில் கமரா.

முதலில் இரண்டு முன்னங்கால்கள் வந்தன. பிறகு மூக்கு. பிறகு காது. காது வந்துகொண்டே இருந்தது.

அலெக்ஸாண்டர் கமராவை இறக்கினான். “அக்கா, இதென்னக்கா?”

ராக்கம்மா சவ்வைக் கிழித்துக் குட்டியின் மூக்கைத் துடைத்தாள். நீளக் காது, ஒல்லிக் கால், வெள்ளை மூக்கு. மன்னார் ரோட்டில் குப்பை மேய்கிற கழுதைகளை எல்லாருக்கும் தெரியும். வேலி பிரிந்து கிடந்ததும் எல்லாருக்கும் தெரியும்.

“கோவேறு கழுதை தம்பி. வேதப் புத்தகத்தில வருமே, அது.”

அவளுக்கும் உள்ளுக்குள் அதிர்ச்சிதான். சந்தேகப்பட்டது வேறு, கண்ணால் காண்பது வேறு. தாய்க்கு மட்டும் எந்தக் கவலையும் இல்லை. எழும்பி நின்று, ஆறாத நாக்கால் குட்டியை நக்கத் தொடங்கியது.

கொழும்புக்காரர் படத்தைப் பார்த்ததும் போனை எடுக்கவில்லை. ரவுண் முழுக்கச் சிரித்தது. கரட் கொண்டுவந்தவர்களே, “கழுதையோட போன குதிரை” என்று கண்ணடித்தார்கள். அலெக்ஸாண்டர் நாலு நாள் கொட்டில் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் வந்து நின்றான்.

“அக்கா, இதுகளை ஆருக்கும் குடுத்துவிடப் போறன். தள்ளாடிப் பக்கம் இருந்து ஒருத்தர் லொறி கொண்டுவாறாராம்.”

லொறி என்ற சொல்லைக் கேட்டதும் ராக்கம்மாவுக்குக் குரல் ஏறிவிட்டது. அந்த விடுதியில் அவள் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“லொறில ஏத்த விடமாட்டேன்! நான் நடத்திக் கொண்டுபோறேன். எனக்குத் தாங்க. சாப்பாட்டுக்கு நான் பாக்குறேன்.”

அவன் உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் உறையையும் கொண்டுவந்து கொடுத்தான். “கடதாசியும் கொண்டுபோங்கோ. பிழை என்ரதான் அக்கா.”

மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டார்கள். அந்தோனி முன்னால் குதிரையைப் பிடித்தான், அவள் பின்னால் குட்டியோடு. பாலத்தில் நின்ற பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார், இது கழுதையா குதிரையா என்று. நுவரெலியாச் சிங்களத்தில் அவள் சொன்னாள், தாயின் பிள்ளை என்று. அவர் சிரித்துக்கொண்டு பஸ்ஸை மறித்து வழி விட்டார்.

வங்காலையில் புஸ்பம் மாமி படலையில் நின்று பார்த்தா. முதலில் சிலுவை போட்டா. பிறகு, “என்ன இருந்தாலும் பிள்ளை பெத்த சீவன்,” என்று ஒரு வாளி கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தா.

நாக்கு முழுதாக ஆற இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. ஆனி மாதம் ஒரு பின்னேரம், தண்ணீர் வற்றிய கடலோரத் தரவை வெளியில் ராக்கம்மா முதல் முறையாகக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். குதிரை கொஞ்ச நேரம் நின்றது. தலையைத் தூக்கிக் காற்றை இழுத்தது. பிறகு ஓடியது.

அந்தோனி பீடியைப் பற்ற வைக்க உரசிய நெருப்புக் குச்சி கையைச் சுட்டது. வெடித்த சேற்றின் மேல் அந்தச் சிவப்பு உடம்பு நீண்டு சுருங்கி நீண்டு போய்க்கொண்டிருந்தது. கால் நிலத்தில் படுவதே தெரியவில்லை. பின்னால் நீளக் காதோடு குட்டி துள்ளித் துள்ளி வந்தது.

“என்ர அந்தோனியாரே!” என்றான் அவன். “இவ்வளவு வேகமாயோ ஓடும்?”

ராக்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“இது மெதுவா ஓடுறது,” என்றாள். “குட்டி கூட வருதுல்ல.”