டெம்பரரி லெக்சரர் வேலைக்கு என்னை மூன்று தடவை கூப்பிட்டார்கள்

இன்று காலை பேப்பரில் ஒரு விளம்பரம்.

நாடகத் துறைக்குத் தற்காலிக விரிவுரையாளர் வேண்டுமாம்!

காபியை அப்படியே வைத்துவிட்டேன் நண்பர்களே. (அப்ளை பண்ணும் ஐடியா இல்லை. தொண்ணூறைத் தாண்டியாச்சு, சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது.)

இதே வேலைக்கு நானும் ஒரு தடவை இன்டர்வியூ போனவன். சங்கரன்கோவிலில். நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன.

முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. இங்கே கொட்டிவிடுகிறேன்.

சின்ன வயதிலேயே பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பிறகு ஊர் ஊராக ராஜபார்ட் போட்டவன் நான். நடுவில் முக்கி முனகித் தமிழ் வித்வான் பரீட்சையும் பாஸ் பண்ணினேன். எதற்கு?

செல்லம்மாவுக்காக!

என் மாமா மகள். மாமாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. ஆள் கறார்.

"கூத்தாடிக்குப் பொண்ணு தரமாட்டேம்ல. ஒரு உத்தியோகத்தோட வா. மறுபேச்சு இல்லாமத் தாரேன்."

அந்தச் சமயத்தில்தான் ஒரு யூனிவர்சிட்டி, நாடகம் சொல்லிக்கொடுக்க ஒரு வருஷத்துக்கு ஆள் தேடியது. தமிழ்ப் படிப்பும் வேண்டும், மேடை அனுபவமும் வேண்டும். எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி!

"டெம்பரரின்னாலும் லெக்சரர்லா மாமா!" என்றேன்.

மாமா கொஞ்சம் இறங்கி வந்தார். "கெடச்சுதுன்னா தை மாசம் கல்யாணம். நானும் கூட வாரேன், பாப்போம்."

செல்லம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடி சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"எப்பிடியாச்சும் வாங்கிருங்க அத்தான்."

அந்தக் குரலுக்காக நான் கவர்னர் வேலைக்குக்கூட இன்டர்வியூ போயிருப்பேன்.

நடித்தும் காட்ட வேண்டும் என்பதால் இன்டர்வியூவை சங்கரன்கோவில் நாடகக் கொட்டகையிலேயே வைத்தார்கள். மேடைக்கு முன்னால் நாற்காலி போட்டு கமிட்டி. மற்ற கேண்டிடேட்டுகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா கடைசி வரிசையில்.

நான் மட்டும் நேரே மேடைத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நடிகன் வேறெங்கே நிற்பான்?

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது, சொல்லிவிடுகிறேன். ராஜபார்ட் சும்மா நடந்து வந்துவிட மாட்டான். முதலில் கட்டியக்காரன் வந்து ராஜாவின் பெயரைக் கூவுவான். பிறகு ஆர்மோனியம் சுருதி கொடுக்கும். ராஜா உள்ளேயிருந்தே ஒரு பாட்டெடுப்பான். அதற்கப்புறம்தான் முகம் தெரியும். சுருதிக்கு முன்னால் உள்ளேயிருந்து ஒரு செருமல் கேட்டால்கூடக் கம்பெனி வாத்தியார் பிரம்பெடுத்துவிடுவார். அடிபட்டு அடிபட்டு உடம்பில் ஊறிப்போன பழக்கம்.

அதனால் தெரிந்த ஆர்மோனியக்கார அண்ணாச்சியையும் கையோடு கூட்டிப் போயிருந்தேன்.

"அண்ணாச்சி, என் பேரக் கூப்பிட்டதும் சுருதி எடுங்க."

"நீ கவலையே படாத தம்பி!"

பியூன் கூவினான்.

"சண்முகவேல்!"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். சுருதி வரவில்லை.

"சண்முகவேல்!"

ஆஹா, கட்டியம் பிரமாதமாகச் சொல்கிறானே என்றுதான் என் புத்திக்குத் தோன்றியது! (சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள்.)

"சண்முகவேல்!"

நான் கண்ணை மூடி, பாட்டின் முதல் அடியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அடுத்த கேண்டிடேட் மேடையேறி கமிட்டிக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருக்கிறார்!

நான் திரையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். "சார்! சண்முகவேல் நான்தான் சார்!"

கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எங்கய்யா இருந்தீங்க?"

"திரைக்குப் பின்னால சார்."

"கூப்பிட்டது காதுல விழலையா?"

"விழுந்துது சார்."

"அப்புறம் ஏன் வரலை?"

"சுருதி வரல சார்."

கொட்டகையே சிரித்தது. சுருதி எப்படி வரும்? "பாட்டெல்லாம் வேண்டாம்" என்று கமிட்டிக்காரர்கள் அண்ணாச்சியை முன்னமே வெளியே அனுப்பிவிட்டார்களாம். உள்ளே நின்ற எனக்கு அது தெரியாது. அவர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கிளாஸுக்கு பெல் அடிச்சா வருவீங்களா, ஆர்மோனியம் வெச்சாத்தான் வருவீங்களா?" என்றார் தலைவர்.

"ஒரே ஒரு சான்ஸ் குடுங்க சார், கும்பிடுதேன்!"

"ஆப்சென்ட் போட்டாச்சு. தள்ளுங்க, அவர் பேசட்டும்."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மாமா விறுவிறுவென்று முன்னால் நடந்தார், நான் பின்னால். அங்கே போய் நின்றதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேல போனாப் போட்டும்ல. அது இல்லாட்டா இன்னொண்ணு."

எனக்கு உயிர் வந்தது. "அப்பம் தை மாசம் மாமா..."

"இரு. மூணு தடவ பேரச் சொல்லிக் கூப்பிடுதான். ஒனக்குக் காதுல விழுது. இருந்தும் நீ வரல. நாளைக்கு எம்புள்ள ஒரு ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிட்டா ஓடி வருவியா, இல்ல இன்னும் என்னமும் வரட்டும்னு நின்னுக்கிட்டு இருப்பியா?"

வாயைத் திறந்தேன். மேடையில் விடிய விடியப் பேசுகிற வாய்! ஒரு சொல் வரவில்லை.

புளியங்குடி பஸ் வந்தது. மாமா படியில் கால் வைத்துவிட்டு ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏறிவிட்டார்.

தை மாதம் சொன்னபடி செல்லம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தாலுகா ஆபீஸ் கிளார்க். தங்கமான மனுஷன், ஒரு குறை சொல்ல முடியாது. (அதுதான் தாங்கவே முடியவில்லை!)

"வருவேன் மாமா."

இவ்வளவுதானே சொல்ல வேண்டியிருந்தது? பஸ் கிளம்புகிற வரைக்கும் நான் எதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள் மக்கா.