தொப்பைக்கு மேலே ஒரு பிரெஞ்சுக் கார்

லொறிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றினால் எங்கள் ஹட்டன் கராஜில் ஒரு வழக்கம் உண்டு. கனத்த ஆட்கள் நாலு பேரைப் பின்னால் ஏற்றுவோம். நான் அடியில் படுத்து, பட்டை எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பேன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், கந்தப்பளைத் தோட்டத்துத் துரையின் பிரெஞ்சுக் காருக்கு அடியிலும் அதே தைரியத்தில்தான் போனேன்.

அதற்கு ஸ்பிரிங் பட்டையே கிடையாது. எண்ணெயும் அடைத்த காற்றும் தாங்குகிற கார். இஞ்சின் ஓடினால் எழும்பும். நிறுத்தினால் மெல்லப் படுத்துவிடும். பின்பக்கம் தாழ்ந்து, தோட்டத்து ரோட்டுக் கல்லில் இடிக்கிறது என்று கொண்டுவந்திருந்தார்கள். உயரத்தைச் சரிசெய்ய அடியில் ஒரு மெல்லிய கம்பி, அதில் ஒரு கிளாம்ப். சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி, இஞ்சினை ஓடவிட்டு, கிளாம்பை நகர்த்தி முறுக்கினேன்.

"ஏறுங்கடா நாலு பேரும்!"

"அண்ணே, கார் எறங்காம அடியில முட்டுக் கட்டை வைக்கலயே?" என்றான் துரையின் டிரைவர் முனியாண்டி.

"லொறிக்கே வைக்கிறதில்ல. இந்தத் தவளைக்கா வைக்கணும்?"

ஏறினார்கள். தவளை இறங்கி என் தொப்பையைத் தொட்டது. நான் பதறிப்போய், கைக்கு அகப்பட்டதைப் பிடித்து வெளியே வரப் பார்த்தேன். அகப்பட்டது அந்தக் கம்பி. இழுக்க இழுக்கக் கார் இன்னும் அழுத்தியது. மூச்சு முட்டியது. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். குரல் கோழிக்குஞ்சு போல வந்தது.

முனியாண்டி குனிந்து பார்த்தான். "அண்ணே, கம்பிய விடுங்க! நீங்கதான் எறக்குறீங்க!"

"விட்டா விழுந்துரும்டா!"

"ஐயோ, விடுங்கண்ணே!"

கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். வயிற்றில் பாரம் குறைந்தது. கண்ணைத் திறந்தால், நாலு தடியன்களையும் சுமந்துகொண்டு கார் தானாக எழும்பிக்கொண்டிருந்தது. ஜாக்கி இல்லை, கைகொடுத்துத் தூக்க ஆளில்லை. நான் வைத்த உயரம் வந்ததும் நின்றது. வெளியே வரக்கூட மறந்து, வாயைப் பிளந்தபடி கிடந்தேன்.

பிறகு எல்லோரையும் இறக்கினேன். கார் கொஞ்சம் மேலே போய், யோசித்து, பழைய இடத்துக்கே வந்தது. அளவுகோல் வைத்தேன், ஒரு நூல் பிசகில்லை. மறுபடி ஏறச் சொன்னேன். அது வேலைக்காக அல்ல, இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. இரண்டு விரலில் பிடிக்கிற கம்பி சொல்வதை அவ்வளவு பெரிய கார் கேட்டது!

கராஜுக்குப் புதிதாக வருகிறவர்களே, முதலில் கட்டை வையுங்கள். பயந்தால் கத்துங்கள், எதையும் பிடிக்காதீர்கள்.

சாயங்காலம் துரை வந்தார். என் பனியனில் தொப்பைக்கு நேராக இருந்த கிரீஸ் வட்டத்தையே பார்த்தார்.

"இனி கல்லுல இடிக்காதா?"

"இடிக்காதுங்க தொரை," என்றேன். "நானே கல்லாக் கெடந்து பாத்துட்டேங்க."