பெரியவள் பார்க்காத உச்சி

அந்த வீட்டில் பெரியவளுக்குப் பிடிக்காத சுவர் ஒன்று உண்டு. வாசல் கதவைத் திறந்ததும் எதிரே நிற்கிற சுவர். அதில் சின்னவளின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். எல்லாப் படத்திலும் ஒரே இடம்தான். மலையுச்சியில் நட்டுவைத்த இரும்புக் கம்பம், அதைச் சுற்றிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் பயணிகள், நடுவில் சின்னவள். படத்துக்குப் படம் பயணிகள் மாறுவார்கள், அவள் மட்டும் மாறமாட்டாள். படங்களை மாட்டச் சொன்னது மாமியார். ஆணி அடித்தது பெரியவளின் சொந்தப் புருஷன். அதைத்தான் அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள். அது போதாதென்று வேலையும் ஒன்று. மலையேற வருகிறவர்களை உச்சிவரை கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் கம்பெனியில் இருவரும் வழிகாட்டிகள். அண்ணன் அந்தக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். தம்பி மலையடிவாரத்தில் பூட்ஸும் ஊன்றுகோலும் வாடகைக்கு விடுகிறான். பெண்டாட்டிகள் மலையில் இருக்கும் நாட்களில் அண்ணனும் தம்பியும்தான் சமையல். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, மருமகள்கள் சீக்கிரம் வந்துசேர வேண்டுமென்று மாமியார் மனதார வேண்டிக்கொள்வாள்.

வேலையில் முதலில் சேர்ந்தது பெரியவள்தான். சின்னவள் கல்யாணமாகி வந்ததும் முதலாளியிடம் சொல்லி அவளைச் சேர்த்துவிட்டதும் பெரியவள்தான். வந்த வேகத்தில் சின்னவள் முன்னால் போய்விட்டாள். நிஜமாகவே முன்னால். ஒரு குழு மலையேறினால் முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் ஒரு வழிகாட்டி நடக்க வேண்டும். சின்னவளுக்கு நாக்கில் சர்க்கரை, யாரோடும் சிரித்துப் பேசுவாள், அவள் முன்னால் போகட்டும் என்றார் முதலாளி. பெரியவள் பொறுமைசாலி, அவள் கடைசியில் வரட்டும் என்றார். அன்றிலிருந்து யாராவது தன்னைப் பொறுமைசாலி என்று சொன்னால் பெரியவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

கடைசியில் நடப்பவளுக்கு ஒரு விதி உண்டு. குழுவில் யாருக்கு முடியாமல் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டியது அவள் பொறுப்பு. ஒவ்வொரு பயணத்திலும் யாருக்காவது முடியாமல் போகும். ஒருவருக்கு முழங்கால், இன்னொருவருக்குத் தலைசுற்றல், வேறொருவருக்கு வீட்டு ஞாபகம். பெரியவள் அவர்களைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வருவாள். அதே நேரத்தில் சின்னவள் மற்றவர்களோடு கம்பத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷமும் இப்படியே போய்விட்டது. பெரியவள் உச்சியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இது தெருவில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் எதிர்வீட்டு அக்கா, மேலே எப்படியிருக்கும் என்று பேச்சுவாக்கில் கேட்டபோது, பெரியவளின் வாய் சும்மா இருக்கவில்லை. காது அடைத்ததுபோல அமைதியாக இருக்கும், மேகம் காலுக்குக் கீழே ஓடும், நம் வீடுகளெல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரியும் என்று அளந்துவிட்டாள். அத்தனையும் முந்தின வாரம் சாப்பாட்டு மேசையில் சின்னவள் சொன்ன வார்த்தைகள். தீப்பெட்டிகூட அவளுடையதுதான். அப்போது சின்னவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகும் பெரியவள் அதே கதையைச் சொல்லும்போதெல்லாம் சின்னவள் ஒரு நொடி கண்ணை மூடித் திறப்பாள். காட்டிக்கொடுத்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்துபோயிருக்கும். காப்பாற்றித் தொலைத்தாள் பாவி. பெரியவளுக்கு வயிறு எரிந்ததே அதனால்தான்.

இந்த முறை வந்த குழு ஆறு பேர். வங்கியில் வேலை பார்க்கும் கணவன் மனைவி, ஒரே அலுவலகத்துத் தோழிகள் மூன்று பேர், தொப்பையும் தொந்தியுமாக ஒரு தையற்காரர். பெரியவள் முதல்நாளே தையற்காரர்மேல் கண்வைத்துவிட்டாள். இவர்தான் இந்த முறை நம்மைக் கீழே இழுத்துக்கொண்டு போகப்போகிறவர் என்று முடிவுகட்டினாள். ஆனால் மனுஷன் தன் மிஷினைப் போலவே ஒரே சீராக ஏறினார். தோழிகள் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார்கள். வங்கிக்காரர் நின்று மூச்சு வாங்கினார், பெண்டாட்டி முறைத்ததும் நடந்தார். மூன்றாம் நாள், கடைசிக் கூடாரத்துக்குப் போகும் பாறைச் சரிவில், எல்லோரும் தெம்பாக இருப்பதைப் பார்த்ததும் பெரியவள் நடையை எட்டிப் போட்டாள். யாரும் விழப்போவதில்லை. நாளைக் காலை அந்தக் கம்பத்தை அவளும் தொடப்போகிறாள். தீப்பெட்டியைச் சொந்தக் கண்ணால் பார்க்கப்போகிறாள்.

அந்தச் சந்தோஷத்தோடு அவள் வழக்கம்போலச் சின்னவளைப் பார்த்தாள். பார்ப்பது என்ன, கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பதுதான் அவளுடைய நெடுநாள் பழக்கம். சின்னவள் எந்தக் காலில் முதலில் பூட்ஸ் கயிறு கட்டுவாள், டீயை எவ்வளவு சூட்டில் குடிப்பாள், யாரிடம் எப்படிக் குழைவாள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கட்டிய புருஷனுக்குக்கூட அவளைப் பற்றி அவ்வளவு தெரியாது.

கூடாரத்தில் இறங்கியதும் சின்னவள் ஆட்களை எண்ணினாள். ஐந்து என்றாள். தையற்காரர் கையைத் தூக்கிக் காட்டிய பிறகு சிரித்துக்கொண்டே ஆறு என்றாள். கொதிக்கக் கொதிக்க டீ குடிக்கிறவள், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டாள். நின்றபடியே கயிறு கட்டுகிறவள் உட்கார்ந்து கட்டினாள், அதிலும் ஒரு காலை மறந்துவிட்டாள். காலையில் வறட்டு இருமலாக இருந்தது, இப்போது நெஞ்சுக்கடியில் ஏதோ களகளவென்றது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கியது.

பெரியவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. விழுந்தாயா, இப்போது உன்னை யார் இறக்குவது என்று உள்ளுக்குள் ஒரு குரல் கைதட்டியது. தட்டிய அடுத்த நிமிஷமே அவளுக்குப் பயம் பிடித்தது. பயம் சின்னவளை நினைத்து அல்ல, தன்னை நினைத்து. இவள் எப்போது விழுவாள் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்த கண் இது. நிஜமாகவே நோயைப் பார்க்கிறதா, ஆசைப்பட்டதைப் பார்க்கிறதா? வேறு யாரும் ஒன்றையும் கவனிக்கவில்லை. குழுவோடு வந்திருந்த கம்பெனிச் சமையல்காரர் களைப்பு என்றார். வங்கிக்காரர் மனைவி தொண்டைக்கு மாத்திரை கொடுத்தார். பெரியவள் வாயைத் திறக்காமல் பாத்திரங்களை அடுக்கினாள். வெயில் இறங்கத் தொடங்கியது. சின்னவள் ஒரு பாறைமேல் சாய்ந்து, சிரித்த முகமாகவே இருந்தாள், உதடு மட்டும் கறுத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் பெரியவள் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தாள்.

"உனக்கு முடியல. இப்பவே இறங்கணும்."

"வெறும் சளிதான் அக்கா. காலையில சரியாயிடும்."

சரியாகாது என்றாள் பெரியவள். மலைநோய் நெஞ்சில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று பயிற்சியில் இருவருக்கும் சொல்லித்தந்ததை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். சின்னவள் மறுக்கப்போய், இருமல் வந்து பேச்சு பாதியில் நின்றது. அதைக் கேட்டதும் ஆறு பேர் முகமும் மாறியது. வங்கிக்காரர்தான் வழி சொன்னார். சமையல்காரர் சின்னவளைக் கீழே கொண்டுபோகட்டும், பெரியவள் தங்களை உச்சிக்குக் கூட்டிப்போகட்டும், இரண்டு வேலையும் முடிந்துவிடும் என்றார். அவர் கணக்குப் போட்டால் தப்பாது. தோழிகள் தலையாட்டினார்கள். சமையல்காரரும் சரி என்றார்.

சின்னவளே அதைத்தான் சொன்னாள். "அதுதான் சரி. நீங்க போங்கக்கா. நீங்கதான் இன்னும்..."

அதற்குமேல் சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள். அந்த நிலையிலும் காட்டிக்கொடுக்கவில்லை.

உச்சி தலைக்கு மேலேயே இருந்தது. மேகம் விலகிப் பளிச்சென்று தெரிந்தது. போ போ என்று ஊரே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது, காலை எடுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி. சமையல்காரர் நல்ல மனுஷன், ஆனால் வழியில் இவள் இன்னும் மோசமானால் அவருக்கு அடையாளம் தெரியாது. அது ஒன்று. இன்னொன்று அதைவிடப் பெரியது. இவளைக் கீழே தள்ளிவிட்டுத் தான் மேலே போய்க் கம்பத்தைத் தொட்டால், இவளுக்கு நிஜமாகவே நோயா, இல்லை தன் வயிற்றெரிச்சல்தான் நோய் கற்பித்ததா என்று ஆயுசுக்கும் அவளுக்கே தெரியாது. டாக்டரே சொன்னாலும் மனசு நம்பாது. உச்சியை விட்டுவிட்டு இறங்கினால் மட்டுமே அவள் கண்ணை அவளே நம்ப முடியும்.

"முடியாதவங்கள இறக்குறது கடைசியில வர்றவளோட வேலை," என்றாள். "அது யாரா இருந்தாலும்."

ஆறு பேருக்கும் மூஞ்சி தொங்கிப்போயிற்று. நாளைக்குச் சமையல்காரரோடு இறங்கி வாருங்கள், முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு பையையும் தானே மாட்டிக்கொண்டு, சின்னவளின் மறந்துபோன காலுக்குக் கயிறு கட்டிவிட்டாள். திரும்பி ஒருமுறை மேலே பார்த்தாள். பார்த்துவிட்டு, நாசமாய்ப்போக என்று முணுமுணுத்தாள். அது மலையைச் சொன்னாளா, ஓரகத்தியைச் சொன்னாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

இறங்கும் வழியெல்லாம் சின்னவள் அவள் தோளில் தொங்கிக்கொண்டு வந்தாள். பல வருஷமாகத் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தவள் கையில் இவ்வளவு கனப்பாள் என்று பெரியவள் நினைக்கவில்லை. கொஞ்சம் தாழ்வான இடத்துக்கு வந்ததும் மூச்சு சற்று இளகியது. சின்னவள் கேட்டாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எனக்கே தெரியலையே."

"உன்னையேதான பார்த்துட்டிருக்கேன் இத்தனை வருஷமா."

சின்னவள் தேம்பித் தேம்பி அழத் தொடங்கினாள். அதைப் பாசமென்று எடுத்துக்கொண்டாள். பெரியவள் திருத்தவில்லை. மூச்சு வாங்குகிறவளிடம் போய் எதைத் திருத்துவது?

வழியிலேயே போனில் சொல்லியிருந்ததால், அடிவாரத்தில் கொழுந்தனும் புருஷனும் வேனோடு காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் மேலே ஏறியிருந்தால் நடந்து திரும்பியிருக்க மாட்டார் என்றார். பெரியவளுக்கு அப்பாடா என்றிருந்தது. தன் கண் பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான், பிழைத்தவள் சின்னவளாயிற்றே, அவளுக்காகவல்லவா முதலில் அப்பாடா என்றிருக்க வேண்டும் என்பது உறைத்தது.

வீட்டுக்கு வந்தும் பெரியவளுக்கு நிம்மதியில்லை. தெருவே திரண்டு சின்னவளைப் பார்க்க வந்தது. மாமியார் சூப்பை ஊதி ஊதிக் கொடுத்தாள். வருகிறவர்கள் எல்லாம் பழத்தைக் கொடுத்துவிட்டுச் சுவரில் இருந்த படங்களைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். மலையில் படுத்தாலும் பேர் அவளுக்குத்தான் என்று அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே பெரியவள் பொருமினாள். தூக்கிக்கொண்டு வந்தவளுக்குத் தோள் வலி என்று ஒருவராவது கேட்கட்டுமே?

எதிர்வீட்டு அக்கா வந்தாள். பள்ளிக்கூடம் படிக்கும் தங்கச்சி மகளைக் கூடவே கூட்டி வந்திருந்தாள். மலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமாம். பெரியவளைக் கூப்பிட்டு, உச்சியில் எப்படியிருக்கும் என்று உன் வாயால் சொல், நீ சொன்னால் நேரில் பார்த்த மாதிரி இருக்கும் என்றாள்.

பெரியவள் ஈரக் கையோடு வந்து நின்றாள். சொல்ல வேண்டியதெல்லாம் நுனிநாக்கில் இருந்தது. கட்டிலில் கிடந்த சின்னவள் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மூடிய கண்ணைப் பார்த்ததும் பெரியவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இனி இவளிடம் ஒரு தீப்பெட்டிகூடக் கடன் வாங்கக்கூடாது என்று தோன்றியது.

"நான் அங்க போனதில்லக்கா. ஒரு தடவைகூட இல்ல. இத்தனை நாளும் இவ சொன்னதத்தான் சொல்லிட்டிருந்தேன்."

மாமியாரின் கையில் கரண்டி அப்படியே நின்றது. படங்களுக்கு ஆணி அடித்த புருஷன் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். எதிர்வீட்டு அக்கா, அப்படியானால் நீயாவது சொல்லேன் என்று சின்னவள் பக்கம் திரும்பினாள்.

சின்னவள் கண்ணைத் திறந்தாள். மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"எனக்குச் சரியா சொல்லத் தெரியாது. அடுத்த தடவை அக்கா முன்னால போவாங்க, நான் கடைசியில வரேன். அவங்க பார்த்துட்டு வந்து சொல்லட்டும்."

ஆகா, என்ன மனசு, என்ன மனசு என்று எதிர்வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் சின்னவளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். உண்மையைச் சொன்னவள் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பேரையும் அவளே தட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று பெரியவளுக்கு வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, முன்னால் போகிறவள் எந்தப் பூட்ஸைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கொழுந்தனிடம் கேட்கப் போனாள்.