தம்பியின் இடது கால்

இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? அடுப்பில் உலை கொதிப்பதைப் பார்க்காமல், பேப்பரில் என் தம்பி படம் வந்ததும் செல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, "உங்கள் தம்பிக்கு அந்த இடது கால் எப்படி வந்தது?" என்று ஆளுக்கு ஒரு தடவை கேட்கிறீர்கள். எல்லோருக்கும் வருகிற மாதிரி இடது பக்கத்தில்தான் வந்தது என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆனால் போன மாசம் திருப்பதியில் அவனே மேடையில் ஏறி எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டதால், இனி மறைக்க ஒன்றுமில்லை. ஐந்தாவது வரை படித்தவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் அச்சுக்காரரைத் திட்டுங்கள்.

எல்லாம் ஒரு மொட்டையில் ஆரம்பித்தது. மழித்த தலையில் பூசிய சந்தனம் காயும்போது தோலைப் பிடித்து இழுக்கும், காற்றுப் பட்டால் மண்டைக்கு உள்ளேயிருந்து யாரோ விசிறுவது போலக் குளிரும். பதின்மூன்று வயதில் அது எனக்குக் கிடைத்தது. சித்தூரில் எங்கள் நைனா லாரி ஓட்டினார், பங்காருபாளையத்து மாங்காயை மதராசுக்கு ஏற்றிப் போகிற லாரி. தம்பி ரத்தினம் என்னைவிட ஒரு வயது சின்னவன், முகமும் உயரமும் என் அச்சு. அந்த வருஷம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்ததால், முடி இறக்குவதாக அம்மா ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டாள். இடுப்பு வரை பின்னலைத் தொங்கவிட்டுக்கொண்டு நானும் வேடிக்கை பார்க்கத்தான் திருமலைக்குப் போனேன். அவன் தலை முடிந்ததும் அம்மா என் தோளைப் பிடித்து, அவனுக்கு மழித்த அதே நாவிதர் முன்னால் உட்காரவைத்தாள்.

"அவன் முடி மட்டும் போதுமோ போதாதோன்னு ஒன்னுதையும் சேத்து வேண்டிக்கினேன். அசையாத குந்து."

எனக்கு அழக்கூட வரவில்லை. தண்ணீர் வழிந்தது, கத்தி வழித்தது, என் பின்னல் இரண்டு முடிச்சாக மடியில் விழுந்தது. இறங்கும்போது பஸ் கண்டக்டர் எங்களைப் பார்த்து, "இத்தரூ மொகபில்லலா?" என்று கேட்டார். இரண்டும் ஆண் பிள்ளைகளா என்று. அந்த நேரம் ரத்தினம் என் மடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான், அம்மா அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மலை வளைவோ சமவெளியோ, வண்டி என்றால் அவனுக்குக் குமட்டும். பிற்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றியே பிழைக்கப்போகிறவனின் லட்சணம் அது.

அதனால்தான் நைனா சொன்னது அவனை அப்படி உலுக்கியது. "படிப்பு ஏறல. ஸ்கூல் தெறக்கற அன்னைக்கு எங்கூட கிளீனரா ஏறு" என்று சொல்லிவிட்டார். நைனா ஒரு தரம் சொன்னால் சொன்னதுதான். லாரி பின்னால் புகையை முகர்ந்துகொண்டு மதராசு வரை போவதை நினைத்தே என் தம்பி சோறு துன்னாமல் கிடந்தான். அவனுக்குத் தப்பிக்க ஒரே வழி இருந்தது. ஐதராபாத்தில் பையன்களுக்கான விளையாட்டு விடுதி ஒன்றிலிருந்து ஒரு சார் வந்து, சித்தூர்ப் பையன்களுக்கும் திருப்பதிப் பையன்களுக்கும் நடக்கிற கால்பந்தாட்டத்தைப் பார்த்து, ஒருத்தனை மட்டும் கூட்டிப்போவார் என்று சொல்லியிருந்தார்கள். சாப்பாடு, படிப்பு, படுக்கை எல்லாம் இலவசம். நைனா அதற்கு மட்டும் தலையாட்டினார், அந்த ஒருத்தன் தன் மகனாக இருக்க மாட்டான் என்ற தைரியத்தில்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் "பீச்சாங்கை". இடது கையால் சோற்றைத் தொட்டால், ஆயா என்று நாங்கள் கூப்பிடும் பாட்டி கரண்டியால் விரலில் அடிப்பாள், "பொட்டப் புள்ள பீச்சாங்கையால தொட்டா வூடு வெளங்குமா?" என்பாள். அடித்து அடித்துக் கையைத் திருத்திவிட்டார்கள். காலைப் பற்றி யாருக்கும் யோசனை வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் லாரியிலிருந்து விழுந்த அழுகல் மாங்காயை நானும் தம்பியும் உதைத்து விளையாடும்போது, என் இடது கால் எங்கே நினைத்ததோ அங்கே போய் விழும். ரத்தினம் வலது காலால் உதைப்பான், நன்றாகவே உதைப்பான், ஆனால் மாங்காய் அவன் சொன்ன பேச்சைக் கேட்காது.

ஆட்டத்தன்று நான் பாவாடை சட்டையில், மொட்டைத் தலையோடு, அவனுக்குக் கஞ்சிச் சொம்பு தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பாதி ஆட்டம் முடிவதற்குள் அவன் கண்கள் மஞ்சளாகச் செருகிவிட்டன. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வந்து விழுந்தான்.

"கண்ணு இருட்டுதுக்கா. என்னால முடில. நான் லாரிலியே போறேன்."

"லாரில நீ வாந்தி எடுத்தா யாருடா கழுவுறது, நைனாவா? கழட்டுடா சட்டைய" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே திக்கென்றது. அவன் பனியனும் டிராயரும் எனக்கு வந்தன, என் பாவாடை அவனுக்குப் போனது. கால் கொலுசு இரண்டையும் கழற்றி அவன் கையில் திணித்தேன். கூட விளையாடிய பையன்கள் பார்த்தார்கள், தோற்றுக்கொண்டிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. ஊர் முழுக்க ரத்தினம் மைதானத்தில் ஓடுவதையும் அவன் அக்கா தொட்டிக்குப் பின்னால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்தது.

அரை மணி நேரம்தான். ஒரு பந்து கோட்டைத் தாண்டிப் போனபோது, அதை எடுக்க அந்த சார் நின்ற இடத்துக்குப் போனேன். வெள்ளைத் தொப்பி போட்ட ஒல்லி மனிதர், என் முகத்தைப் பார்க்கவே இல்லை, குனிந்து காலையே பார்த்தார். என் காலுக்கு அவ்வளவு அழகா என்று எனக்குக் கர்வமாக இருந்தது. கடைசியில் மூலையிலிருந்து வந்த பந்தை இடது காலால் உதைத்தேன், அது காவல் நின்றவனின் காதை உரசிக்கொண்டு உள்ளே போனது. ஆயா பார்த்திருந்தால் காலுக்கும் கரண்டி வந்திருக்கும்.

விசில் ஊதியதும் தொட்டிக்கு ஓடி உடுப்பை மாற்றிக்கொண்டோம். ரத்தினம் என் வியர்வை ஊறிய பனியனோடு தள்ளாடி வெளியே போனான். சார் அவன் முன்னால் குந்தி, மாடு வாங்க வந்தவரைப் போல இடது கணுக்காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு தொட்டிப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்து, "நீ எடம காலு பங்காரம்ரா" என்றார். உன் இடது கால் தங்கம்டா என்று அர்த்தம். அவரை ஏமாற்றிய மகிழ்ச்சியில் நான் பாவாடையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு கால் கொலுசைக் காணோம். அம்மா துடைப்பத்தின் அடிக்கட்டையால் முதுகில் நாலு வைத்தாள். எங்கே தொலைத்தாய் என்றதற்குப் பதில் சொன்னால் தம்பி லாரியில் ஏற வேண்டும், அதனால் சொல்லவில்லை. அதற்கு இரண்டு சேர்த்து விழுந்தது.

மிச்சமிருந்த ஒரு மாசம் அவனுக்குத் தண்டனைக் காலம். இல்லாத இடது காலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அதை உண்டாக்கியாக வேண்டுமே. அவன் வலது காலில் மணல் கட்டிய கோணிப் பையைக் கட்டிவிட்டு, பின்பக்கத்தில் மாங்காய்களை வரிசையாக வைத்து இடது காலால் உதைக்கச் சொன்னேன். "அக்கா, இந்தக் கால் என்னுது மாரியே இல்லக்கா" என்று அழுவான். "ஒன்னுது இல்லதான், உதை" என்பேன். "என்னாடி, புள்ளைய நொண்டியாக்கறே?" என்று அம்மா கத்துவாள். என் தலையில் ஒரு விரற்கடை முடி முளைத்தபோது அவன் ரயிலேறினான். அடுத்த மாசமே நான் பெரியவளாகி உள்ளே உட்கார்ந்தேன். பிறகு பந்தையோ மாங்காயையோ உதைக்கவில்லை, குடிபாலாவில் என்னைக் கட்டிக்கொண்டவரைச் சில தடவை உதைக்க நினைத்ததோடு சரி.

அவன் கார்டுகள் ஐதராபாத்திலிருந்து வந்தன, பிறகு கல்கத்தா, கோவா, கண்ணூர், மஸ்கட். முட்டி போனதும் பயிற்சி கொடுப்பவனாகி ஷில்லாங் வரை போனான். எந்த ஊர்ப் பேப்பரிலும் அவன் இடது காலைப் பற்றியே எழுதினார்கள். அவன் என்னிடம் அதைப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. உண்மை தெரிந்தால் அவனை மோசக்காரன் என்று தள்ளிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இந்த அறுபத்தைந்து வயது வரை இருந்தது. ஆனால் தனியாக இருக்கும்போது, தொப்பிக்காரரை ஏமாற்றியதை நினைத்துச் சிரித்துக்கொள்வேன். என் ஆயுசில் நான் செய்த பெரிய குறும்பு அதுதான்.

போன மாசம் திருப்பதியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தொடங்குகிறான் என்று கூப்பிட்டதால் போனேன். ஒரு பத்திரிகைக்காரப் பெண், "உங்களுக்கு முதல் பயிற்சியாளர் யார்?" என்று கேட்டாள். என் தம்பி மைக்கைப் பிடித்து, தொட்டி, பாவாடை, மாங்காய் எல்லாவற்றையும் சொன்னான். அதற்கு மேலும் ஒன்று சொன்னான், அது எனக்கே தெரியாதது.

ஐதராபாத்தில் முதல் நாள் அந்த சார் அவனை இடது காலால் உதைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பட்டீலு எவரிவிரா?" என்று கேட்டாராம். கொலுசு யாருடையது என்று. என் இடது கணுக்காலில் கொலுசு கிடந்த இடம் வெயில் படாமல் வெள்ளை வளையமாக இருந்ததை அன்றைக்கே பார்த்திருக்கிறார். ரத்தினத்தின் காலில் அது இல்லை. தலையை மறைத்தேன், உடுப்பை மறைத்தேன், காலைப் பார்க்க வந்த மனிதரிடம் காலை மறைக்கத் தோன்றவில்லை எனக்கு.

"அழுதுக்கினே ஒத்துக்கினேன். அதுக்கு சார் சொன்னாரு, எங்கிட்ட பையனுங்களுக்குத்தான் எடம் இருக்குது, அந்தப் பொண்ணுக்குக் குடுக்க ஒன்னும் இல்ல. அந்தக் கால கூடவே இருந்து பாத்தவனாவது வரட்டும்னு ஒன்ன எடுத்தேன். ஒரு மாசத்துல இவ்ளோ கத்துக் குடுத்துக்கிறா, போய் ஒழுங்கா ஆடு. அவ கிட்ட மட்டும் சொல்லாத, மனசு நோவும்னாரு" என்றான் ரத்தினம் மைக்கில்.

கூட்டம் கைதட்டியது. ஐம்பது வருஷமாக நான் சிரித்துக்கொண்டிருந்த குறும்பு குறும்பே இல்லை. அவர் ஏமாறவில்லை. என்னைத்தான் பார்த்தார், பார்த்துவிட்டு விட்டுவிட்டுப் போனார்.

ரத்தினம் மேடையிலிருந்து இறங்கி வந்து என் மடியில் ஒன்றை வைத்தான். கறுத்துப்போன ஒற்றைக் கொலுசு. உடுப்பு மாற்றிய அவசரத்தில் டிராயர் பையில் போனதாம். திருப்பிக் கொடுத்தால் எப்படி வந்தது என்று அம்மா கேட்பாள் என்று கொடுக்காமல், எல்லா ஊருக்கும் பெட்டியின் அடியில் போட்டுத் தூக்கிப் போயிருக்கிறான். "பாலிஷாவது போட்டிருக்கலாமேடா" என்றேன், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

திரும்பும்போது சித்தூரில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். மைதானத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது, தொட்டி இருந்த இடத்தில் கார்களை நிறுத்துகிறார்கள். தொப்பிக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறதாம். கணுக்காலைக் குனிந்து பார்த்தேன், சுருக்கம்தான் இருந்தது, வளையம் இல்லை.

குடிபாலாவில் தெருவே வாசலில் கூடியிருந்தது. "இன்னாக்கா, டிவில ஒன்னக் காட்னாங்க. தம்பி இன்னாமோ குடுத்தாரே, நீ அழுதுக்கினு இருந்தியே, இன்னா விஷயம்?" என்று எதிர்வீட்டு சரோஜா கேட்டாள்.

"ஒன்னும் இல்லடி. சின்ன வயசுல தொலைஞ்ச கொலுசு கெடச்சிச்சி. அம்மா போய்ட்டா, அன்னைக்கு வாங்கின ஆறு அடிய இப்ப யாருகிட்ட திருப்பிக் குடுக்கறதுன்னு தெரியாத அழுதேன்" என்றேன்.