இரண்டு தேர்வுத் தாள்களும் தொலைந்துபோன ஒரு மாடும்: கோவில்பட்டி பக்கம் பிள்ளைகளுடன் ஒரு நாள்

என் தங்கை செல்விக்கு முப்பத்தெட்டு வயது. புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் துணி யூனிட்டில் மேற்பார்வையாளராக இருக்கிறாள். வேலை, சமையல், பிள்ளைகள் என்று எல்லாம் போக மிச்சமான நேரத்தில் நான்கு வருடமாக ஓர் அரசுத் தேர்வுக்குப் படித்தாள். வயது வரம்புப்படி இந்த ஐப்பசியில் எழுதியதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. காலையில் ஒரு தாள், மதியம் ஒரு தாள், இரண்டும் ஒரே நாளில்.

போன தடவை காலைத் தாளை நன்றாகவே எழுதினாள். மதிய இடைவேளையில் வீட்டுக்குப் போன் செய்தபோது இளையவள் மகிழினி அழும் சத்தம் கேட்டது. அப்போது அவளுக்கு இரண்டரை வயது. செல்வி அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மதியத் தாளை எழுதவே இல்லை. வந்து பார்த்தால், பிள்ளை அப்பளம் தின்றுகொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மதுரையிலிருந்து கிளம்பி வந்தேன். செல்வியின் கணவர் லாரி ஓட்டுநர், அந்த வாரம் நாக்பூர் பக்கம் இருந்தார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளைக்கு அம்மா ஞாபகம்தான் வரும். புது இடத்துக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். தேர்வு மையம் கோவில்பட்டியில். அங்கிருந்து எட்டயபுரம் சாலையில் ஒன்பது கிலோமீட்டரில் 'கரிசல் கொடை' என்று ஒரு பூங்கா திறந்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் கோயில் திருவிழாவான கொடையை வருடம் முழுக்க நடத்துவது மாதிரி ஓர் ஏற்பாடு: ராட்டினம், பொம்மலாட்டம், கடலைமிட்டாய்க் கூடம், வில்லுப்பாட்டு எல்லாம் ஒரே வளாகத்தில். இருபத்தெட்டு வருடம் நிருபராக இருந்தவள் நான். வெள்ளம், தேர்தல், கலவரம் எல்லாம் பார்த்திருக்கிறேன். நான்கு வயதுப் பிள்ளையை எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டதில்லை.

சனிக்கிழமை காலை 6.10க்குப் புதியம்புத்தூரில் கிளம்பினோம். நாள் வாடகைக்குக் கார், டீசலோடு 2,800 ரூபாய். ஓட்டியவர் காதர் பாய், அதே ஊர்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். இரவு மழை பெய்திருந்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் உளுந்தும் சோளமும் முளைவிட்டிருந்த கருப்பு மண். கோவில்பட்டியை 7.35க்குத் தொட்டோம். இட்லி, வடை, காப்பி நான்கு பேருக்கும் பாய்க்கும் சேர்த்து 310 ரூபாய். செல்வி ஒரு இட்லிக்கு மேல் தொடவில்லை.

8.25க்கு மையத்தின் வாசல். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. எதிரே ஜெராக்ஸ் கடையில் 20 ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்கிறார்கள். செல்வி மகிழினியை முத்தமிட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பன்னெண்டே முக்காலுக்குப் போன் பண்ணுவேன். அவ அழுதான்னா என்கிட்ட மறைக்கக் கூடாது."

"மறைக்க மாட்டேன். ஆனா நீ எந்திரிச்சு வந்துரக் கூடாது."

"அது என் கையில இல்லக்கா" என்றாள். அதுதான் அன்றைய நாளின் நிலவரம்.

இங்கேதான் ஒரு தவறு செய்தேன். ஒன்பது மணிக்குச் செல்வி உள்ளே போனதும் மகிழினியின் உதடு பிதுங்கியது. நான் குனிந்து, "அம்மா பன்னெண்டே முக்காலுக்குப் போன் பண்ணுவா" என்று சொன்னேன். தகவலைத் துல்லியமாகக் கொடுத்தால் ஆள் அமைதியாகிவிடுவார் என்பது என் தொழிற்பழக்கம். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது அமைதியைத் தரவில்லை, வேலையைத் தந்தது. பூங்கா போய்ச் சேர்வதற்குள் ஆறு முறை "இப்ப பன்னெண்டே முக்காலா?" என்று கேட்டாள்.

பூங்கா வாசலுக்கு எதிரே இருந்த வெற்று நிலத்தில் நாலைந்து கார்கள் நின்றன. அங்கேயே நிறுத்தலாமே என்றேன். காதர் பாய் சிரித்தார்.

"கரிசல்ல எறக்கச் சொல்லுதீங்களாக்கா? மேல காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள பூராம் களி. அந்தா நிக்கிற வெள்ளக் கார் வெளியூரு. சாயங்காலம் அவிய ட்ராக்டர் தேடுவாவ பாருங்க."

தார்ச் சாலையை ஒட்டி, சரளை போட்ட இடமாகப் பார்த்து நிறுத்தினார். சாயங்காலம் அந்த வெள்ளைக் காரை நான்கு பேர் தள்ளிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 350, மூன்றடிக்கு மேல் உயரமுள்ள பிள்ளைகளுக்கு 250. வாசலில் ஒரு கம்பத்தில் மூன்றடிக் கோடு போட்டிருக்கிறார்கள். மகிழினி அந்தக் கோட்டை இரண்டு விரற்கடை தாண்டினாள். பாய் உள்ளே வரவில்லை, வண்டியிலேயே தூங்குகிறேன் என்றுவிட்டார். 9.40க்கு உள்ளே போனோம்.

முதல் பகுதி மாதிரிக் கிராமம். கமலைக் கிணறு, ஏர்க்கலப்பை, ஒரு பட்டி நிறைய ஆடுகள், சாணி மெழுகிய முற்றம். மூத்தவன் கவின், ஒன்பது வயது, எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"பெரியம்மா, இந்த ஆடு எங்க தெருவுலயே நிக்கும். இதுக்கா எரநூத்தம்பது ரூவா?"

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பகுதி பிடிக்கலாம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் அதைப் பதினைந்து நிமிடத்தில் கடந்துவிடுங்கள். அடுத்து வரும் கடலைமிட்டாய்க் கூடம் அப்படியில்லை. பாகும் கடலையும் சேர்ந்த சூடான கலவையைப் பலகையில் கொட்டி, ஆறும் பதத்தில் பிள்ளைகள் கையில் கட்டையைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்கிறார்கள். ஆளுக்கு 40 ரூபாய். தேய்த்ததை வெட்டிப் பொட்டலம் போட்டுத் தந்துவிடுவார்கள். மகிழினி முப்பத்தைந்து நிமிடம் மணியைக் கேட்கவே இல்லை. அந்தக் காலைப்பொழுதின் மிக நல்ல முப்பத்தைந்து நிமிடம் அது.

ராட்டினத்தில் இரண்டு சுற்று போனோம். பொம்மலாட்டம் 10.45க்கு, இருபது நிமிடம். குட்டி ரயிலுக்கு வரிசையில் நின்றபோது, 11.10க்கு, மழை பிடித்தது. ரயிலை நிறுத்தினார்கள். ராட்டினத்தை நிறுத்தினார்கள். சறுக்குப் பக்கம் கயிறு கட்டிவிட்டார்கள். எல்லோரும் டீக்கடைக் கூரையின் கீழ் ஒதுங்கினோம். மழை அரை மணியில் நின்றுவிட்டது. ஆனாலும் தரை காயாமல் எதையும் ஓட்ட மாட்டோம் என்றார் அங்கிருந்த ஊழியர். எப்போது காயும் என்று கேட்டேன். "கரிசலு மேடம். அது நெனச்சாத்தான் காயும்" என்றார்.

கவின் செருப்போடு மண்ணில் இறங்கி நான்கு அடி வைத்தான். ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ மண் ஒட்டிக்கொண்டது. அவனுக்கு அது ராட்டினத்தைவிடப் பிடித்துவிட்டது. மகிழினிக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய சிவப்புச் செருப்பு ஒன்று மண்ணில் மாட்டிக்கொண்டது. அதை நான் பிடுங்கியபோது வார் அறுந்தது. மணி 12.05. அவள் அழ ஆரம்பித்தாள். செருப்புக்காக ஆரம்பித்த அழுகை இரண்டே நிமிடத்தில் "அம்மாட்ட போணும்" என்று மாறியது.

கடலைமிட்டாய் கொடுத்தேன், தட்டிவிட்டாள். ஆட்டைக் காட்டினேன், ஆட்டைப் பார்த்து இன்னும் சத்தமாக அழுதாள். கவின், "பெரியம்மா, இவ ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் ஓடும்" என்று உறுதியாகச் சொன்னான். போன் வர நாற்பது நிமிடம்கூட இல்லை. எடுக்காமல் விட்டால் செல்வி இன்னும் பயப்படுவாள். எடுத்தால் அழுகை கேட்கும். பொய் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருக்கிறேன்.

கூரை போட்ட இடம் என்று மிச்சம் இருந்தது வில்லுப்பாட்டு அரங்கம் மட்டும்தான். நனையாத இடம் வேண்டுமே என்றுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நீளமான வில், மணிகள், குடம், உடுக்கை. வில்லுக்கு முன்னால் இருந்த புலவர், அதாவது தலைமைப் பாடகர், ஐம்பது வயதை ஒட்டிய பெண், பேச்சியம்மாள் என்று பலகையில் எழுதியிருந்தது. சுற்றி நான்கு பேர் பின்பாட்டு. அவர் ஒரு வரி சொன்னால் நான்கு பேரும் சேர்ந்து "ஆமா" போட வேண்டும் என்பது வில்லுப்பாட்டின் முறை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கதை, மாட்டைத் தொலைத்த ஒரு சம்சாரியை, அதாவது விவசாயியைப் பற்றியது.

"சம்சாரி மாட்டத் தேடித் தெக்க போனாரு."

"ஆமா."

"தெக்க போயி வடக்க பாத்தாரு."

"ஆமா."

நடுவில் மகிழினியின் அழுகை நன்றாகக் கேட்டது. முன்வரிசை திரும்பிப் பார்த்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். பேச்சியம்மாள் வில்லைத் தட்டிக்கொண்டிருந்த கோலை நிறுத்தினார்.

"யாரது அங்கன அழுதது?"

குடம் அடிப்பவர் உடனே, "தொலஞ்ச மாடுதான் புலவரே. கெடச்சிருச்சு, பாட்ட முடிங்க, சாப்பிடப் போவோம்" என்றார்.

கூட்டம் சிரித்தது. மகிழினி அழுகையை நிறுத்தி, அவரை முறைத்து, உரக்கச் சொன்னாள்: "நான் மாடு இல்ல."

பேச்சியம்மாள் பின்பாட்டுக்காரர்களைப் பார்த்தார். "கேட்டியளா? இருவது வருசமா எனக்கு ஆமா போட நாலு பேரு இருக்காவ. நான் பகலை ராத்திரின்னாலும் ஆமாதான். இல்லன்னு சொல்ல ஒரு ஆள் கெடைக்கல. ஏட்டி, இங்கன வாரியா?"

மகிழினி என் தோளிலிருந்து இறங்கினாள். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் மண். மேடையேறி குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாடு கெணத்துல விழுந்துருச்சு."

"ஆமா."

"இல்ல."

"பொறவு எங்க போச்சு?"

மகிழினி யோசித்தாள். "ஐஸ் வாங்கப் போச்சு."

"ஐஸ் வாங்க எட்டயபுரம் போச்சு."

"ஆமா."

"இல்ல. தூத்துக்குடி."

"அடேங்கப்பா. மாடு பஸ்ஸுலயா போச்சு?"

"ஆமா" என்றார்கள் நான்கு பேரும், கூட்டத்தில் பாதியும் சேர்ந்து.

"இல்ல. கார்ல."

குடம் அடிப்பவர், "இந்த மாட்டுக்கு இருக்க வசதி எனக்கு இல்லையே" என்று நொந்துகொண்டார். கதை அதன் பிறகு பேச்சியம்மாள் கையில் இல்லை. கவினுக்குப் பொறாமை தாங்காமல் அவனும் மேடையோரம் போய் நின்றான். அவன் கையில் தாளத்தைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

12.47க்குப் போன் வந்தது. தூணுக்குப் பின்னால் போய் எடுத்தேன்.

"அழுதாளா?" என்றாள் செல்வி, வேறு எதுவும் கேட்காமல்.

"அழுதா. பன்னெண்டு அஞ்சுலேர்ந்து பன்னெண்டு இருவது வரைக்கும். இப்ப அழல."

சாலைச் சத்தத்துக்கு நடுவே, "போன அவகிட்டக் குடு" என்றாள்.

மேடைக்குப் போய் மகிழினியின் காதில் போனை வைத்தேன். அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா, அப்புறம் பேசு. மாடு இன்னும் கெடைக்கல" என்று சொல்லிவிட்டுப் போனைத் தள்ளிவிட்டாள்.

நான் போனை வாங்கியபோது செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள். அல்லது அழுதுகொண்டிருந்தாள். அந்த இரைச்சலில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் சொல்லவில்லை.

"என்ன மாடுக்கா?"

"அத ராத்திரி கேளு. சாப்பிட்டியா?"

"இனிமேத்தான். சரி, நான் உள்ள போறேன்."

நிகழ்ச்சி பத்து நிமிடம் கூடுதலாக ஓடி ஒரு மணிக்கு முடிந்தது. மாடு கடைசியில் திருச்செந்தூரில், கடலில் குளித்துக்கொண்டிருந்தபோது அகப்பட்டது. பேச்சியம்மாளிடம் நன்றி சொல்லப் போனேன். "நன்றி எதுக்கு? நாளைக்கும் கூட்டிட்டு வாங்க, இந்த நாலு பேருக்கும் சம்பளம் மிச்சம்" என்றார். உணவகத்தில் சாப்பாடு 120, தயிர்சாதம் 60. மகிழினி ஒரு தட்டுத் தயிர்சாதம் முழுவதையும் காலி செய்தாள். 2.20க்கு ராட்டினம் மறுபடி ஓடியது. குட்டி ரயிலில் மூன்று தடவை போனோம். 3.10க்கு அவள் என் மடியில் தூங்கிவிட்டாள். கவின் அதற்குப் பிறகும் மண்ணில்தான் இருந்தான். 4.05க்குக் கிளம்பினோம்.

போகத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐப்பசி, கார்த்திகையில் போனால் மழை பெய்த மறுநாளைத் தவிருங்கள். முடியாதென்றால் பிள்ளைகளுக்கு மாற்றுச் செருப்பும் ஒரு பழைய துண்டும் எடுத்துப்போங்கள். மண்ணில் இறங்கச் செருப்பைவிட வெறுங்காலே நல்லது. வண்டியை எக்காரணம் கொண்டும் தாரை விட்டு இறக்காதீர்கள். வார நாட்களில் வில்லுப்பாட்டு ஒரே காட்சி, பகல் 12 மணிக்கு. சனி, ஞாயிறில் மாலை 4 மணிக்கு இன்னொன்று உண்டு. ஓரமாக உட்காராமல் முன்வரிசைக்குப் போங்கள், பிள்ளை சத்தம் போட்டால் அதட்டாதீர்கள். கடலைமிட்டாய்க் கூடத்தைச் சோர்வு வரும் நேரத்துக்கு என்று மிச்சம் வையுங்கள். நான் அதை முதலிலேயே செலவழித்துவிட்டேன். கழிப்பறைகள் சுத்தமாக இருந்தன. இரண்டு பிள்ளைகளுக்கும் எனக்கும் பூங்காவுக்குள் மட்டும் ஆன செலவு 1,460 ரூபாய்.

தேர்வு மையத்து வாசலை 4.35க்கு அடைந்தோம். ஐந்து மணி ஆனதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஐந்தேகாலுக்குக் கூட்டம் கலைந்துவிட்டது, செல்வியைக் காணவில்லை. மதியம் போனை வைத்த பிறகு அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. காதர் பாய், "உள்ளதான்க்கா இருப்பாவ" என்று இரண்டு முறை சொன்னார். எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா தெரியவில்லை. 5.20க்குக் கடைசி ஆளாக வெளியே வந்தாள். வலதுகை நடுவிரலில் மை. கூடுதல் தாள் பதினொன்று வாங்கியதாகவும், அதை வரிசையாக அடுக்கி நூல் கட்டிக் கொடுக்க நேரமாகிவிட்டதாகவும் சொன்னாள். பிறகு, "பசிக்குதுக்கா. பயங்கரமாப் பசிக்குது" என்றாள்.

முடிவு இன்னும் வரவில்லை. வந்த பிறகு எழுதலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். காத்திருக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அன்று மாலை என் தங்கை பஸ் நிலையத்துக்கு எதிரே நான்கு புரோட்டாவை ஒரே மூச்சில் சாப்பிட்டாள், இரண்டு தாளையும் முழுதாக எழுதி முடித்தவளாக.